விலைபோகாத போன்களும் ‘ரசனை கெட்ட’ சனங்களும்

போன மாதம் ஈப்போவில் ஒரு சிறுகதை வாசிப்புக் கூட்டம் முடிந்து நாலைந்து பேர் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தோம். பேச்சு கதையிலிருந்து நழுவி போனில் வந்து நின்றது. நண்பர் ஒருவர் தன்னுடைய புது ஐபோன் ஏரை மேசைமேல் வைத்தார். அழகான பொருள், அதில் சந்தேகமில்லை. ஆளுக்கொரு தடவை கையில் எடுத்து எடைபார்த்துவிட்டு வைத்தோம்.

“இவ்ளோ நல்ல போனு, ஏன் ஓடலங்கிறீங்க? சனங்களுக்கு ரசனை கிடையாது. பேட்டரி, கேமரா, விலை, இத விட்டா வேற ஒண்ணும் தெரியாது. அதுலயும் நம்ம எஸ்டேட்டு ஆளுங்கள கேக்கவே வேணாம். மலிவா இருந்தா போதும். அதே கூட்டந்தான் புத்தகமும் வாங்க மாட்டேங்குது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஹுத்தான் மெலிந்தாங்குக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அம்மா பதினைந்து வருஷமாகச் செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறவர். அந்தக் காசில்தான் நான் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தேன். இப்போது ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பொருட்களைச் சூட்டில் வைப்பதும் கீழே போடுவதும் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றி இறக்குவதும்தான் என் வேலை. எந்தப் பொருள் எதனால் தோற்கும் என்று எழுதிக் கொடுக்கிறவன் அங்கே வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்தப் போனையே எடுத்துக்கொள்வோம். ஐபோன் ஏர் 2025 செப்டம்பரில் வந்தது. தடிமன் 5.6 மில்லிமீட்டர். அதற்கு நாலு மாதம் முன்னால் சாம்சுங் விட்ட கேலக்ஸி எஸ்25 எட்ஜ் 5.8. இரண்டுமே மெலிவை மட்டும் நம்பி வந்தவை. அக்டோபரிலேயே, ஏரின் உற்பத்தியை ஆப்பிள் பெருமளவு குறைத்துவிட்டது என்று நிக்கேய் ஏசியா எழுதியது. சாம்சுங் அடுத்த எட்ஜைக் கைவிட்டதாகக் கொரிய ஊடகங்கள் எழுதின. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் ரசனை கெட்டுப்போய்விட்டதா என்ன?

கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் சாதாரண ஐபோன் 17இன் விலை 799 டாலர், ஏர் 999, புரோ 1,099. 200 டாலர் கூடக் கொடுத்து ஏர் வாங்கினால் ஒரு கேமரா குறைகிறது, பேட்டரியும் குறைகிறது. இன்னும் 100 போட்டால் புரோவே கிடைக்கிறது. இடையில் மாட்டிக்கொண்ட ஏருக்கு மெலிவு ஒன்றுதான் சொந்தம். அந்த 5.6கூட கேமரா மேட்டை விட்டுவிட்டு அளந்தது. மேட்டோடு அளந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். இதைப் பார்த்து ஒருவர் “வேணாம்” என்றால், அவர் கூட்டல் கழித்தல் தெரிந்தவர் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஆப்பிளுக்கு இது புதுசும் இல்லை. அவர்களுடைய வரிசையில் நாலாவது மாடலுக்கு எப்போதுமே கண்டம்தான். 2020இல் 12 மினி, மறுவருஷம் 13 மினி. “சின்ன போன் வேணும், சின்ன போன் வேணும்” என்று இணையமே கதறியதே, வந்தபோது யார் வாங்கினார்கள்? 2022இல் மினியை எடுத்துவிட்டு பிளஸைக் கொண்டுவந்தார்கள். அதுவும் எடுபடவில்லை. இப்போது ஏர். கதறுகிற வாய் ஒன்று, காசு கொடுக்கிற கை வேறொன்று. இது கம்பெனிக்காரர்களுக்கும் தெரியும். இருந்தும் ஏன் செய்கிறார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு வருவோம். பெர்ணம் ஆற்றின் இக்கரை பேராக், அக்கரை சிலாங்கூர். சுற்றிலும் செம்பனையும் தென்னையும். ஊரில் நான் அடிக்கடி போய் உட்காரும் ஒரு போன் கடை இருக்கிறது. வேலையில்லாத சனிக்கிழமைகளில் அங்கே உட்கார்ந்து வருகிறவர்கள் கேட்பதைக் கவனிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. இதுவரை ஒருவர்கூட “எத்தன மில்லிமீட்டர்?” என்று கேட்டதில்லை. “காட்டுக்குள்ள லைன் வருமா?” “வெயில்ல ஸ்கிரீன் தெரியுமா?” “மோட்டர்ல போறப்போ சவுண்டு கேக்குமா?” “விழுந்தா கண்ணாடி மாத்த எவ்ளோ?” “ரெண்டு சிம் போடலாமா?”

இந்த இரண்டு சிம் விஷயம் நகரத்தில் இருக்கிறவர்களுக்கு விளங்காது. வீட்டில் ஒரு கம்பெனி லைன் எடுக்கும், காட்டுக்குள் இன்னொன்றுதான் எடுக்கும். ஆகவே இரண்டு அட்டை. போன் தண்ணீரில் விழுந்து செத்தால், அட்டையைக் கழற்றி அலமாரியில் கிடக்கும் பழைய நோக்கியாவில் செருகினால் ஐந்து நிமிஷத்தில் ஆள் திரும்ப உலகத்தோடு சேர்ந்துவிடுவார். ஐபோன் ஏரில் அட்டை போடும் வசதியே கிடையாது. வெறும் இசிம் மட்டும்தான். போன் செத்துவிட்டால் எண்ணை இன்னொரு போனுக்கு மாற்ற இணையம் வேண்டும், கடைக்குப் போக வேண்டும், அடையாளம் காட்ட வேண்டும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு லாரி வந்து நிற்கும்போது இதெல்லாம் நடக்கிற காரியமா? கம்பெனிக்கு அந்த அட்டைத் துளை, பேட்டரிக்கு விட்டிருக்கக்கூடிய இடம். எங்கள் ஆட்களுக்கு அது காப்புறுதி.

எங்கள் சனங்கள் எல்லாரும் ஞானிகள் என்று சொல்ல வரவில்லை. கடன் வாங்கியாவது ஐபோன் பிடிக்க வேண்டும் என்று அலைகிற பயல்கள் எங்கள் தாமானிலும் உண்டு. மாமா மகன் ஒருவன் மாதத் தவணையில் பழைய புரோ வாங்கினான். ஏன்டா, அதே காசுக்குப் புதுசாகவே வேறு நல்ல போன் வருமே என்றேன். “அண்ணே, மூணு கண்ணு இருந்தாத்தான்ணே ஐபோன்னு தெரியும்” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு யோசித்தால் அவன் சொன்னதுதான் சந்தை. அந்தஸ்துக்காக வாங்குகிறவனுக்குப் பின்பக்கத்து மூன்று கண்தான் சாட்சி. ஐயாயிரம் வெள்ளியை ஒட்டிய விலைக்கு ஒற்றைக் கண் போனை வாங்கி யாரிடம் காட்டுவது? பார்க்கிறவன் ஏதோ மலிவு மாடல் என்று நினைத்துக்கொள்வான். ஆக, உழைப்புக்கு வாங்குகிறவருக்கும் ஏர் உதவவில்லை, பந்தாவுக்கு வாங்குகிறவனுக்கும் உதவவில்லை. மிச்சம் இருப்பது மெலிவை மெலிவுக்காகவே ரசிக்கிறவர்கள், என் நண்பரைப் போல. அவர்கள் ரசிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதை ரசிக்காதவன் கீழானவன் என்று சொல்லும்போதுதான் வலிக்கிறது.

ஏனென்றால் அந்த வேலையை நானே ஒருமுறை செய்திருக்கிறேன்.

முதல் போனஸ் வந்தபோது அம்மாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். விமர்சனங்கள் எல்லாம் படித்து, இரண்டு ஓரமும் வழவழவென்று வளைந்து இறங்கும் திரை, மெல்லிய உடம்பு, திரைக்குள்ளேயே கைரேகை என்று பார்த்துப் பார்த்து வாங்கியது. அம்மா அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் எடுத்தார். கைரேகை பதிய உட்கார்ந்தோம். வலது கட்டைவிரல், இல்லை. இடது, இல்லை. ஆள்காட்டி விரல், திரும்பவும் இல்லை. “விரலைத் துடைக்கவும்” என்று போன் சொன்னது. அம்மா எழுந்துபோய் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். மறுபடியும் அதே வாசகம். மூன்றாவது தடவை கழுவப் போனவரை நான்தான் தடுத்தேன். “அழுக்கு இல்ல தம்பி, தேய்ஞ்சு போச்சு” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. முள்ளும் மண்ணும் வருஷக்கணக்காகத் தேய்த்த விரலில் ரேகையின் மேடுகள் மழுங்கிவிடும். தொடுதிரையும் அப்படித்தான். திரைக்கு அடியிலிருக்கும் மின்புலத்தில் விரல் உண்டாக்கும் சின்ன மாற்றத்தைத்தான் அது கணக்கெடுக்கிறது. காய்த்துக் காய்ந்த தோல் தடிமனாக இருந்தால் அந்த மாற்றம் குறையும். மேலே பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டினால் இன்னும் குறையும். அதற்கு நேர்மாறாக, வளைந்த ஓரத்தில் உள்ளங்கை பட்டு, தொடாத இடமெல்லாம் தொட்டதாக எடுத்துக்கொண்டது அந்தப் போன். யாருக்கோ பேசப் போய் யாரையோ அழைத்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன், பரீட்சை எழுதியிருக்கிறேன். வாங்கும்போது ஏன் தோன்றவில்லை? விமர்சனம் எழுதியவன் எவனுக்கும் அம்மாவின் கை இல்லை. எனக்கும் இல்லை.

நாலே மாதம். அம்மா அதை என் தங்கையிடம் கொடுத்துவிட்டு அந்தக் கடைக்குத் தானே போய், தட்டையான திரையும் தடித்த உடம்பும் பெரிய பேட்டரியும் உள்ள ஒரு போனை வாங்கி வந்தார். விலை என்னுடையதில் நாலில் ஒரு பங்கு. கைரேகையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், நாலு எண் போட்டுத் திறக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் “மலிவா இருந்தா போதும்” கணக்கில்தான் சேரும்.

மலிவாக இருந்தால் போதும் என்றால் மலிவுப் போன்கள் தோற்றிருக்கக் கூடாது. 2014இல் மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸோடு இந்தியாவில் இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் வந்தது. விலை 1,999 ரூபாய். அதற்குமேல் மலிவு என்ன வேண்டும்? வாட்ஸ்அப் இல்லை, நினைவகம் 128 எம்பி. மறுவருஷம் டிசம்பரில் மொசில்லா அந்தப் போன் கனவையே மூடியது. 2021 தீபாவளிக்கு ரிலையன்ஸும் கூகிளும் சேர்ந்து ஜியோபோன் நெக்ஸ்டை 6,499 ரூபாய்க்கு விட்டார்கள். இரண்டு மலைகள் சேர்ந்து செய்த போன், ஏழைகளுக்கான போன் என்றெல்லாம் மேளம் அடித்தார்கள். அந்த விலைக்குப் பக்கத்திலேயே கட்டுப்பாடு இல்லாத வேறு போன்களும், கைமாறிய நல்ல போன்களும் கிடைத்தன. மக்கள் அவற்றை வாங்கினார்கள். அதே ஜியோ 2017இல் விட்ட பட்டன் வைத்த ஜியோபோன் கோடிக்கணக்கில் போனது. 1,500 ரூபாய் கட்டினால் போதும், பிறகு திரும்பக் கிடைக்கும் என்றார்கள், பேசுவது இலவசம் என்றார்கள். அதே கம்பெனி, அதே மக்கள்.

நம் நாட்டுக் கதையும் உண்டு. 2013 வரவு செலவுத் திட்டத்தில், 21 முதல் 30 வயதுக்குள் மாதம் 3,000 வெள்ளிக்கு மேல் சம்பாதிக்காத இளைஞர்கள் 3ஜி போன் வாங்க 200 வெள்ளி கழிவு கொடுத்தார்கள். போன் விலை 500 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். எங்கள் அண்ணன் தெலுக் இந்தானுக்குப் போய் வரிசையில் நின்று ஒன்று வாங்கி வந்தார். நான் அப்போது இடைநிலைப் பள்ளி. மூன்றே மாதத்தில் “இடமில்லை, இடமில்லை” என்று புலம்ப ஆரம்பித்தது அந்தப் போன். ஒரு படம் எடுக்க ஒரு படத்தை அழிக்க வேண்டும். அண்ணன் தன் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த படங்களில் பாதி அப்படித்தான் போயின. 2021 கடைசியில் 3ஜிக்கே நாடு விடைகொடுத்தது. அந்த மாதிரிப் போனைக் கடைசிவரை வைத்திருந்தவர்களுக்குப் பேச மட்டும் முடிந்தது, வாட்ஸ்அப் போய்விட்டது. மலிவுப் போனின் உண்மையான விலை இப்படிப் பிறகுதான் வந்து சேரும். இதை அனுபவித்த சனம் அடுத்த தடவை கடையில் நின்று ஆயிரம் கேள்வி கேட்கத்தானே செய்யும்? குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்துதான் 1,700 வெள்ளி. அதில் ஒரு போன் தப்பாகப் போனால் அடுத்த தீபாவளி வரை தாங்கும் அந்த அடி.

சரி, கம்பெனிக்காரர்களிடம் வருகிறேன். அவர்களும் முட்டாள்கள் இல்லை. நான் வேலை செய்யும் இடத்தில் இதைச் சின்ன அளவில் தினமும் பார்க்கிறேன். வருஷத்துக்கொரு தேதி குறித்திருக்கும். அந்தத் தேதிக்குப் புதிதாக ஒன்றைக் காட்டியாக வேண்டும். மேடையில் காட்டக்கூடியது, படம் பிடித்தால் தெரியக்கூடியது எது என்று பார்ப்பார்கள். மெலிவு தெரியும், மடிப்பு தெரியும், எல்ஜி விங்போலத் திரை சுழன்று நின்றால் நன்றாகவே தெரியும். (விங் 2020இல் வந்தது. 2021 ஏப்ரலில் எல்ஜி போன் தொழிலையே விட்டுவிட்டதாக அறிவித்தது.) மூன்றாம் வருஷத்தில் பேட்டரி எவ்வளவு தாங்கும் என்பதைப் படம் பிடிக்க முடியாது. கடையில் கையில் எடுக்கும் முப்பது விநாடிக்காகச் செய்கிறார்கள், மூன்று வருஷத்துக்காக நாம் வாங்குகிறோம். இந்த இடைவெளியில்தான் பல மாடல்கள் விழுந்து சாகின்றன.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் அமேசானின் ஃபயர் போன், 2014. நம் தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க முன்பக்கம் நாலு கேமரா வைத்தார்கள். தலையைச் சாய்த்தால் படமும் சாயும். கூடவே ஒரு பட்டன், அதை அழுத்தி எந்தப் பொருளைக் காட்டினாலும் அமேசானில் வாங்கலாம். அதாவது போன் வாங்க வந்தவன் கையில் ஒரு கடையையே கொடுத்து அனுப்பினார்கள். யாருக்குத் தேவை அது? அமேசானுக்குத்தான். ஜூலையில் ஒப்பந்தத்தோடு 199 டாலர், செப்டம்பரில் 99 சென். 170 மில்லியன் டாலர் நட்டக் கணக்கு எழுதினார்கள். அதற்கு முந்தைய வருஷம் திரை முழுக்க ஃபேஸ்புக்கோடு வந்த எச்டிசி ஃபர்ஸ்ட் ஒரே மாதத்தில் அதே 99 சென்னுக்கு இறங்கியது. 2003இல் நோக்கியா என்-கேஜில் விளையாட்டை மாற்றப் பேட்டரியைக் கழற்ற வேண்டும், பேச வேண்டுமானால் போனை விளிம்பில் நிறுத்திக் காதில் வைக்க வேண்டும். பணக்காரத் தேசங்களில், ‘ரசனை உள்ள’ வாடிக்கையாளர்கள்தான் இவற்றையெல்லாம் தூக்கி எறிந்தார்கள். அங்கே அதற்குப் பெயர் சந்தையின் தீர்ப்பு. எங்கள் ஊரில் அதே காரியத்தைச் செய்தால் ரசனைக் குறைவு.

கையைப் பார்த்துச் செய்தவர்களும் இருக்கிறார்கள். டிரான்சியன் என்றொரு சீன கம்பெனி, டெக்னோ, ஐடெல் என்ற பெயர்களில் ஆப்பிரிக்கா முழுக்க விற்கிறது. சொந்த நாட்டில் அதற்குப் பெயரே கிடையாது. ஆப்பிரிக்கர்கள் நாலைந்து அட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவதைப் பார்த்து ஒன்றுக்கு மேல் சிம் வைத்தார்கள். மின்சாரம் அடிக்கடி போவதைப் பார்த்துப் பெரிய பேட்டரி வைத்தார்கள். கறுத்த முகம் சரியாக விழுவதற்குக் கேமராவைத் திருத்தினார்கள். இங்கே பல போன்களில் படம் எடுத்தால் அம்மா சுண்ணாம்பு பூசியதுபோல வருகிறார். “இது யாரு தம்பி?” என்பார்.

நண்பரே, நீங்களும் நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் போன் தேடினோம். நினைவிருக்கிறதா? ஆரம்பக் கால ஆண்ட்ராய்டில் தமிழ் திறந்தால் வெறும் கட்டம் கட்டமாக வரும். ஓபரா மினிக்குள் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்று ஒரு அமைப்பை மாற்றினால்தான் வலைப்பூக்களைப் படிக்க முடியும். எழுத்து பொடியாக, கலங்கலாக வரும். அதில்தான் என் முதல் நவீனக் கவிதைகளைப் படித்தேன், செம்பனைக் காட்டு ஓரத்தில் லைன் கிடைக்கிற மேட்டில் நின்றுகொண்டு. நம் நாட்டு முத்து நெடுமாறன் 2005லேயே செல்லினத்தைக் கொண்டுவந்து கையடக்கப் போனில் தமிழில் எழுத வைத்தார். ஆப்பிள் தன் போனில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தது 2013இல், ஐஓஎஸ் 7இல். அதுவரை நமக்குக் கட்டம் காட்டிய எத்தனையோ போன்கள் உலகத்துக்கு அழகான போன்கள்தான். நாம் வாங்கினோமா? “இதுல தமிழ் வருமா?” என்று கடைக்காரரைப் போட்டு வாட்டினோம். ஒருவேளை நம்மைப் பார்த்தும் யாரோ ரசனை கெட்டதுகள் என்று சொல்லியிருப்பார்கள்.

புத்தகத்தைப் பற்றிச் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. உங்கள் கவிதைத் தொகுப்பை ஹுத்தான் மெலிந்தாங்கில் எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. பாகான் டத்தோவிலும் இல்லை. வாங்க மாட்டார்கள் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? போன் கம்பெனியாவது கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றை வைத்துவிட்டுத்தான் சனங்களைத் திட்டுகிறது. அம்மா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர், இப்போதும் பத்திரிகையை வரி விடாமல் வாசிக்கிறவர். உங்கள் தொகுப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணுக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தார், எழுத்து அவ்வளவு பொடி. இரண்டு பக்கத்தைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன். ஒரு கவிதை பிடித்திருந்தது, ஒன்று பிடிக்கவில்லை. எது ஏன் என்று உங்களிடம் நேரில் சொல்கிறேன், தே தாரிக் என் செலவு.

நேற்று கடைக்குப் போயிருந்தேன். ஏர் இல்லை, எங்கள் ஊர் வரைக்கும் அதை யாரும் கொண்டுவரவே இல்லை. வேறொரு மெல்லிய மாடல் ஒன்றரை வருஷமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. விலைச் சீட்டின்மேல் இன்னொரு சீட்டு, அதன்மேல் மூன்றாவது சீட்டு. ஒரு பெரியவர் வந்து அதை எடுத்துக் காட்டச் சொன்னார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார்.

“அட்ட எங்கப்பா போடுறது?” என்றார்.